சேணத்துக்கடியில் மொய்த்த ஈ

போன மே மாதம் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு, உச்சிவெயிலில் செருப்பில்லாமல் கடற்கரைக்கு இறங்கினோம். மணல் கொதித்தது. குதிரையில் ஏறியே தீருவேன் என்று ஏழு வயது மகள் அடம்பிடித்தாள்.

நிழலில் தன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் மறுத்துவிட்டார். “வெயில் தாழட்டும் அண்ணாச்சி. இப்ப மணல்ல இறக்குனா அது தாங்காது.”

“ரொம்பத்தான் பவுசு காட்டுதீரு வே!” என்று கத்திவிட்டு, கைகாட்டி அழைத்த இன்னொருவரிடம் போனேன். அவருடைய குதிரையின் சேணத்துக்கடியில் ஈ மொய்த்தது. விரிப்பில் ஈரக்கறை. பார்த்தேன். பார்த்தும் மகளைத் தூக்கி உட்காரவைத்தேன்.

பத்தடிகூடப் போயிருக்காது. குதிரை முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. மகளின் கால் சேணத்து வளையத்தில் மாட்டிக்கொண்டது. குதிரை புரண்டால் கால் நசுங்கிவிடும். நான் ஏசிய மனிதர்தான் ஓடிவந்து, கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, அவள் காலை உருவி எடுத்தார். பிறகு சேணத்தை அவிழ்த்தார். குதிரை முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

மகள் தேம்பிக்கொண்டே கேட்டாள்: “குதிரைக்குப் புண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?”

“தெரியாதும்மா” என்றேன். நம்பிவிட்டாள்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.