காயம்பட்டவனை வைத்து ஒரு சிரிப்பு

என் மகள் ராணுவ மருத்துவமனையில் நர்ஸ். போன மாதம் அவள் லீவில் வந்திருந்தபோது, அவளைக் குஷிப்படுத்துவதாக நினைத்து என் கொழுந்தனார் டிவியில் ஒரு வெளிநாட்டுச் சிரிப்புத் தொடரைப் போட்டார். போர்முனைக் கூடாரத்தில் இரண்டு டாக்டர்கள் ஒரு சிப்பாயின் காலை அறுத்துக்கொண்டே பெண்களைப் பற்றி ஜோக் அடிக்கிறார்கள். அலறல் கிடையாது, அங்கியில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. எங்கே சிரிப்பதென்று நமக்குத் தெரியாதாம். சிரிப்புச் சத்தத்தையும் அவர்களே சேர்த்திருந்தார்கள். ஊசி போட்டாலே மயங்கி விழும் கொழுந்தனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். மகள் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

“ஏனுங்கண்ணி, புள்ளைக்குச் சிரிப்பே வராதுங்களா?”

“கால் போறதுல என்னங்க சிரிப்பு?” என்றேன்.

மறுநாள் எங்கள் ஊர் வேலந்தாவளத்தில், ரயிலைப் பிடிக்கக் கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது மகள், “போறேனுங்கம்மா” என்றாள்.

“வாயக் கழுவு. போயிட்டு வர்றேன்னு சொல்லு அம்மிணி.”

“எங்க வார்டுல அப்படிச் சொல்ல மாட்டோம்மா. போயிட்டு வர்றேன்னு மேல எல்லைப் போஸ்ட்டுக்குக் காவலுக்குப் போறவங்க ஸ்ட்ரெச்சர்லதான் வர்றாங்க. சொன்ன மாதிரியே வந்துட்டீங்களேன்னு கிண்டல் பண்ணுவோம். அவங்களும் சிரிப்பாங்க.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் வீட்டுச் செருப்போடு பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“எங்கம்மா வர்றீங்க?”

“நீ அதைச் சொல்ற வரைக்கும் இறங்க மாட்டேன்.”

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்வரை அவள் சொல்லவேயில்லை.