அடித்தகடு நிமிர்ந்த அரையாண்டு லீவு

துருவின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும். மார்கழிக் குளிரில் சில்லிட்டுக் கிடந்த தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, முகத்துக்கு ஒரு முழம் மேலே இருந்த காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி நான் கிடப்பேன். மேலே அம்மா சுத்தியலால் தட்டத் தட்டச் செம்பழுப்புச் செதில்கள் உதிர்ந்து என் உதட்டில் விழும்; நாக்கு பட்டால் உப்பும் ரத்தமும் கலந்தாற்போல இருக்கும். எனக்கு அப்போது பதினோரு வயது. கோம்பையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் அந்த அரையாண்டு லீவு முழுவதும் கழிந்தது.

கார் அப்பாவுடையது. என்னைவிட வயதில் மூத்த, வெள்ளை நிற டீசல் அம்பாசடர். காலையும் மாலையும் என்னையும் சேர்த்து ஏழு பிள்ளைகளை உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டி வரும். சனிக்கிழமைகளில் குச்சனூர் கோயிலுக்கு ஆள் ஏற்றும். லீவுக்கு முந்தின வாரம், மலைமேல் ஏலத்தோட்டத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பிய அப்பா, மழை அரித்த மண்பாதையில் துருத்திக்கொண்டிருந்த பாறையைக் கவனிக்காமல் வண்டியை விட்டுவிட்டார். டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருந்த அடித்தகடு அப்படியே மேலே எழும்பி, பிரேக்கோடு சேர்த்து அவர் பாதத்தை நசுக்கியது. குதிகால் எலும்பு உடைந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு.

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் அப்பாவே கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுத்துக் கொடுத்திருந்தார். ஆனால் தகடு புடைத்திருந்ததால் பிரேக் பாதி இறங்கியதுமே முட்டி நின்றது. தேனியிலிருந்து வந்து பார்த்த டிங்கரிங் பட்டறைக்காரர், "ஃப்ளோர அறுத்துட்டுப் புதுசு வைக்கணும், ஒரு மாசம் ஆகும்" என்றார். லீவோ பத்தே நாள். பள்ளி திறக்கும் அன்று வண்டி வராவிட்டால் பிள்ளைகளை வேனில் சேர்த்துவிடுவோம் என்று மற்ற வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பட்டறைக்காரர் போனபின் அம்மா, கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த ரப்பர் மேட்டை உரித்தெடுத்துவிட்டு, தகட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "எங்கயும் கிழியல. நெளிஞ்சுதான் இருக்கு. பெறகு எதுக்கு அறுக்கணும்?"

"குடத்துல 'ஒடுக்கு' எடுக்குற மாதிரின்னு நெனச்சியா? வண்டியக் கெடுத்துப்புடாத" என்றார் கட்டிலில் படுத்திருந்த அப்பா.

"இப்ப மட்டும் நல்லாவா கெடக்கு" என்றாள் அம்மா. அதன்பின் நாலு நாள் அப்பா அவளோடு பேசவில்லை.

அம்மா உள்ளூர் மெக்கானிக்கை அழைத்து சீட்டையும், அடியில் ஓடிய டீசல் குழாயையும் பிரேக் குழாயையும் கழற்ற வைத்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வண்டியை 'ஜாக்கி' போட்டுத் தூக்கி, நாலு சக்கரத்துக்கும் அடியில் தடித்த புளியங்கட்டைகளைக் கொடுத்தார்கள். இடப்பக்கத் தகட்டில் அடி படவில்லை என்பதால், அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஓர் அட்டையை வெட்டி, அதைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாள். எங்கெங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டாள். மரக்கட்டையை வைத்து மேலிருந்து தட்டும்போது தகடு அளவுக்கு மீறி இறங்காமல் இருக்க, அடியில் ஓர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். அங்கே நுழையக்கூடிய ஒல்லியான ஆள் நான்தான்; தம்பி அப்போது ரொம்பச் சின்னவன்.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. நாலாம் நாள் மத்தியானம் என் கைகள் மரத்துவிட்டன. "பிடிச்சிருக்கியா ஆத்தா?" என்று மேலேயிருந்து கேட்டாள் அம்மா; மகளான என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இரும்பை நெஞ்சின்மேல் இறக்கி வைத்துக்கொண்டே, "பிடிச்சிருக்கேம்மா" என்றேன். ஓங்கி ஒரு அடி விழுந்தது. 'டப்'பென்று தகடு கீழே குழிந்தது. அதன்பின் கையால் மேலே தள்ளினால் மேலே போனது. விட்டால் கீழே வந்தது. அட்டையை வைத்துப் பார்த்த அம்மா சுத்தியலைப் போட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "தகரம் தொளதொளன்னு ஆயிருச்சு. எனக்கு இங்கன கேக்குது." சற்று நேரம் கழித்து, "கட்டிலத் தூக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

"டாக்டரு அசையக் கூடாதுன்னு சொன்னாகள்ல" என்றாள் அம்மா.

"நானா அசையிறேன்? கட்டிலுதான அசையுது."

கட்டில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. இருவரும் தகட்டைப் பார்த்தபடி, எங்கே தவறு நடந்தது என்று பேசிக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "நான் பிடிக்கலம்மா. பொய் சொன்னேன்" என்று அழுதேன். அம்மா என் கைகளை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. "வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல. நான் உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான அடிக்கிறேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தொளதொளத்த தகட்டைச் சூடாக்கிச் சுருக்க வேண்டும் என்றார் அப்பா. மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய, தீயைப் பீய்ச்சும் 'ப்ளோ லேம்ப்'பால் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, லேசாகத் தட்டி, உடனே ஈரச்சாக்கை அழுத்தினாள் அம்மா. புகையும் ஆவியுமாக எழுந்தது. அப்பா சொல்ல இவள் செய்ய, இவள் கேட்க அவர் சொல்ல, இரண்டு நாளில் ஏழெட்டு இடங்களில் சூடு வைத்தார்கள். அப்போதெல்லாம் நான் தள்ளியே நின்றேன். சூடு வைத்து முடிந்த மறுநாள், மிச்சத்தைத் தட்டி நிமிர்த்தும்போது, யாரும் கூப்பிடாமலே சாக்கை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். கை வலித்தபோதெல்லாம் "நிறுத்தும்மா" என்றேன், அவளும் நிறுத்தினாள்.

ஒன்பதாம் நாள் அட்டை ஏறக்குறையப் பொருந்தியது. துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, அடியில் தார் பூசி, குழாய்களையும் சீட்டையும் மாட்டினார்கள். பத்தாம் நாள் அம்மா பிரேக்கை மிதித்தாள். எதிலும் முட்டாமல் இறங்கியது. பக்கத்து சீட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்த அப்பா, ஊர் எல்லை வரை போய்த் திரும்பும்வரைக்கும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "கிளச்ச மெதுவா விடு" என்று மட்டும் சொன்னார்.

பள்ளி திறந்த அன்று ஐந்து பிள்ளைகள்தான் ஏறினோம். இரண்டு வீட்டுக்காரர்கள், பெண் ஓட்டும் வண்டி என்று தயங்கி வேனுக்கு மாறியிருந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு அவர்களும் திரும்பி வந்தார்கள். அப்பாவின் குதிகால் கடைசிவரை சரியாகவில்லை; பதினான்கு வருடம் அம்மாதான் ஓட்டினாள்.

இன்று அப்பா இல்லை. கார், கொட்டகையைப் பிரித்த வருடத்தில் கம்பம் ஊர்க்காரர் ஒருவரிடம் கைமாறிப் போனது. அந்த இடத்தில் என் தம்பி வீடு கட்டியிருக்கிறான். போன மாதம் அம்மா லைசென்சைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றாள். வீட்டில் வண்டியே கிடையாதே, இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன்.

"கண்ணு தெரியுது, காலு எட்டுது. பெறகென்ன?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.