சாய்ந்து விழுந்த படம்

செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சூப்பர்வைசர் ரமேஷ் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, நம்ம பர்வீன் மேடம் பூட்டாங்க. காத்தால மயங்கி வுழுந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." என்றான். என் கையில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதைக் கேமராவுக்குக் கீழே வைத்துப் பெடலை மிதித்தேன். திரையில் பச்சைக் கோடு விழுந்தது. நல்ல வளையம். அதை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்தப் பச்சைக் கோட்டைப் போடுகிற புரோகிராமை எழுதியவர் பர்வீன். பூந்தமல்லியில் வீட்டிலிருந்தபடியே அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளுக்கு எழுதிக் கொடுத்துவந்தார். எஸ்டேட்டில் வேலை செய்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் ஆறாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பழைய கேமரா கெட்டுப்போய்ப் புதுசு வாங்கிய நாளில்தான் அவரோடு பேச ஆரம்பித்தேன். வளையத்தை வைத்தால் திரையில் வளையம் வரவில்லை. யாரோ ஓரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி படம் சாய்ந்து விழுந்தது. பர்வீன் பட்டறைக்கே வந்து லென்ஸைத் துடைத்தார், ஒயரை மாற்றினார், மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இன்னாமா இது, ஒயர் கூடை பின்றப்போ வரிக்கு ஒரு முடிச்சு தப்பா எண்ணிட்டா கோடு இப்டித்தான் சாஞ்சுகினே போவும்" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா."

சொன்னேன். பத்து நிமிடத்தில் வளையம் வட்டமாக வந்துவிட்டது. கேமரா ஒவ்வொரு வரியின் முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்த்து அனுப்புகிறதாம். இவர் அதையும் படமென்று எண்ணி அடுத்த வரியோடு ஒட்டிவிட்டாராம். "நான் படிச்ச படிப்பெல்லாம் உங்க கூடையில போட்டு மூடிட்டீங்களேக்கா" என்று சிரித்தார். சாய்ந்த படத்தை ஒரு தாளில் அச்செடுத்து என் கையில் கொடுத்தார். "வெச்சுக்கோங்க. என் லட்சணம்."

நல்லபடியாக ஒரு வாரம் ஓடியது. பிறகு தினமும் மூன்று மணிக்கு மேல் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோக ஆரம்பித்தது. என் ஷிப்டில் மட்டும். அடுத்த ஷிப்டு சாந்திக்கு ஒருநாளும் நிற்கவில்லை. "படிக்காத கை, எதையோ அமுக்குது" என்று மேனேஜர் எல்லார் எதிரிலும் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று ரமேஷிடம் சொல்லியனுப்பினார். என் வீட்டுக்காரர் போன பிறகு கள்ளிக்குப்பத்து வீட்டு வாடகையும் சாப்பாடும் அந்த ஸ்டூலில்தான் இருந்தன. நான் எதையும் அமுக்கவில்லை. ஆனால் அதை எப்படிக் காட்டுவது?

சனிக்கிழமை பர்வீன் வந்தார். நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "நீங்க எப்பவும் போல வேலை செய்யுங்க. நான் கீறேன்னு மறந்துடுங்க" என்றார். நான் வளையம் வைக்க வைக்க, அவர் திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போன ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மேல் கம்ப்யூட்டர் நின்றது. அவர் என் முதுகைத் தட்டினார்.

"அக்கா, இதுல ரெண்டு பக்கம் கீது. ஒண்ணு நான் எழுதுனது. இன்னொண்ணு கேமராக்காரன் எழுதுனது. என் பக்கத்துப் பாத்திரம்லாம் தானாக் கழுவிக்கும். அவன்கிட்ட வாங்குன பாத்திரத்தை நாமதான் திருப்பிக் குடுக்கணும். நான் ஒவ்வொரு படமா வாங்கிக்கினே இருந்தேன், ஒண்ணுகூடத் திருப்பல. அடுப்பங்கரை ரொம்பிடுச்சு."

"அப்போ சாந்திக்கு ஏம்மா நிக்கல?"

"கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா எல்லாம் காலியாயிடும். அப்புறம் அவங்க ஷிப்டு முடியறதுக்குள்ள ரொம்பாது. உங்க வேகம் அவங்களுக்கு இல்ல."

நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தேதான் இருந்தது. "தப்பு என்னுது சார். ஒரு வரி எழுதாம வுட்டுட்டேன்" என்றார். மேனேஜர் குரலைத் தணித்து, "சரி மேடம், இத்த நீங்க ஏன் பெருசு பண்றீங்க, சரி பண்ணிட்டுப் போங்க" என்றார். பர்வீன் நகரவில்லை. "அவங்கள எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்." மேனேஜர் சொல்லவில்லை. அதனால் பர்வீனே வெளியே வந்து, மெஷின்களை நிறுத்தச் சொல்லி, பதினாறு பேர் எதிரில் சொன்னார். அந்தத் தப்பை அவர் சொல்லாமல் மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி என் வீட்டிலேயே தங்கிவிட்டது. எப்போது திருப்பித் தரட்டும் என்று கேட்டால், "அவசரம் இல்லக்கா" என்பார். ரமேஷ் வந்து சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை அதை விளக்கி எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். பர்வீனைப் பார்த்தேன். தூங்குகிற முகம்தான். அவருடைய அம்மா தூக்கைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா இப்போ, நீயே வெச்சுக்க" என்றார். நான் சமையல்கட்டுக்குள் போய், மற்ற பாத்திரங்களோடு அதைக் கவிழ்த்துவிட்டு வந்தேன். வாங்கியதைத் திருப்பிவிட்டேன்.

சாய்ந்த படம் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. மை கொஞ்சம் மங்கிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.