டோஃபுக்காரரின் மூன்றாம் அடி

சோயாப் பால் கொதித்து எழுவதற்குள் வைக்கோல் சுற்றிய கட்டையில் ஐம்பது குத்து. நாஹா துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் சந்தில் யொனமினேயின் காலை இப்படித்தான் விடியும். நாற்பத்தெட்டாவது குத்தில் அடுப்படியிலிருந்து மனைவி உஷியின் குரல் வரும்: "அந்தக் கட்டை உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு? பால் பொங்குது, வாங்க!" மிச்சம் இரண்டையும் குத்திவிட்டுத்தான் போவார்.

கராத்தேயில் தனிப் பாணி கண்டவர் என்கிறது ஊர். அவரோ தன்னை டோஃபுக்காரன் என்றே சொல்லிக்கொள்வார். விரல் முட்டிகள் காய்த்துக் கறுத்த கை. அதே கை, சோயாப் பால் உறைந்த மெத்தென்ற டோஃபுக் கட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது ஒரு மூலைகூட உடையாது.

அவர் அமைத்த அடிவரிசையில் மூன்றாம் அடிதான் பேர்போனது. இடது குதிகால் தரையைத் தொடாமல் நிற்கும். மூத்த மாணவர் தொமோரி அதற்குக் 'காத்திருக்கும் மான்' என்று பெயர் வைத்து, படம் வரைந்து பயிற்சிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதைக் கடக்கும்போதெல்லாம் யொனமினே தொண்டையைச் செருமிக்கொள்வார். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

சென்ற ஞாயிறு கறுப்புப் பட்டைத் தேர்வு. பஸ் கண்டக்டர் சினனுக்கு நாற்பத்தொரு வயது. இது மூன்றாவது முறை. முந்தைய இரண்டு முறையும் குதிகால் பதிந்ததால் தேறவில்லை. இம்முறையும் பதிந்தது.

"மானா நில்லுன்னா எருமையா நிக்கிறியே! இப்படிய்யா." தொமோரி தானே மூன்றாம் அடி வைத்து நின்று காட்டினார். "போ, அடுத்த வருஷம் பாப்போம்."

"இனிமே வரமாட்டேண்ணே. ஓடுற பஸ்ஸுல ஊணி நின்ன காலு. தூக்கினா விழுந்துடுவேன்." சினன் இடுப்புப் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"கட்டுய்யா அதை." யொனமினே எழுந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. "அது மானும் இல்ல, மண்ணும் இல்ல. இதை முதமுதல்ல ஆடிக் காட்டின அன்னிக்குக் காலையில கடல்ல இறங்கினேன். கடல் முள்ளெலியை மிதிச்சுட்டேன். குதிகால்ல பதினோரு முள்ளு. வலி பொறுக்காம தூக்கினேன். நீங்க அழகா இருக்குன்னீங்க. இருபது வருஷமா வெக்கப்பட்டுக்கிட்டே நானும் தூக்குறேன்."

வாசலில் டோஃபுத் தட்டோடு நின்ற உஷி விடவில்லை: "முள்ளைப் பிடுங்கினவ நான். தெருவே கூடுற மாதிரி கத்திச்சு, உங்க மான்!"

கூடம் சிரித்தது. தொமோரி மட்டும் சிரிக்கவில்லை. காட்டிய அடியிலேயே, குதிகால் தூக்கியபடி, நின்றுகொண்டிருந்தார்.

யொனமினே அவர் காலடியில் மண்டியிட்டார். டோஃபுவைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் அதே பக்குவத்தில் அந்தக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, மெல்லத் தரையில் இறக்கி வைத்தார்.