ஒரு சுற்றுக் கயிறு

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கேயாவது கிளம்பத் தோன்றும். என் குணம் அப்படி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறேன். பாடம் எப்போது முடியும் என்று மணியைப் பார்ப்பது பிள்ளைகள் இல்லை, நான்தான். கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும், நடுவில் காற்று புகுந்துதான் கணக்கைக் கெடுக்கிறது என்று நாணயத்தையும் காகிதத்தையும் மாடியிலிருந்து போட்டுக் காட்டுவேன். அதே வாயால் இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

போன பலா சீசனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாகிராமம் பக்கம் மாமியார் வீட்டுத் தோப்புக்கு நானும் மகளும் போயிருந்தோம். அங்கே பெரிய பலாவை வெட்டிக் கீழே போட மாட்டார்கள். அடிபட்ட காயை வியாபாரி தொடமாட்டார். காம்பில் கயிறு கட்டி, மேல் கிளை வழியாகப் போட்டு, கீழே நிற்கிறவர் அதை அடிமரத்தில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். பாதி பாரத்தை மரமே வாங்கிக்கொள்ளும். என் மனைவியின் தம்பி மரத்தில் இருந்தான். கயிறு பிடிக்கிற ஆள் வராததால் கீழே நான்.

"மாமா, ஒரு சுத்து சுத்திக்கிட்டு வுடுங்க. வெயிட்டு ஜாஸ்தி."

"நீ வெட்டு மச்சான், எனக்கே பாடமா?"

முதல் நான்கு காய்க்குச் சுற்றினேன். சுற்று, விடு, அவிழ், மறுபடி சுற்று. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று மனசு பறந்தது. ஐந்தாவது காயை வெறும் கையாலேயே இறக்கினேன். ஆறாவதும் ஒழுங்காக இறங்கியது. அதில் திமிர் வேறு ஏறிவிட்டது.

ஏழாவது காய் இருபது அடி உயரத்தில், ஆட்டுக்குட்டி கனத்துக்கு மேல் இருக்கும். வெட்டியதும் கயிறு வெடுக்கென்று இழுத்தது. உள்ளங்கை எரியப் போகிறது என்று தெரிந்தது. எரிவதற்கு முன்பே விரல்கள் விரிந்துவிட்டன.

அப்போதுதான் பார்த்தேன். என் மகள், ஒன்பது வயது, ஆட்டுக்குப் பலா இலை பொறுக்கிக்கொண்டே மரத்தடிக்கு வந்திருந்தாள்.

இருபது அடி என்றால் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேல். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட நேரம் இல்லை. காயோடு கிளம்பிய இலைகள் காற்றில் தத்தித் தத்திப் பாதி வழியில் இருக்கும்போதே காய் தரையில் பிளந்தது. அந்தக் கனத்தைக் காற்று என்ன பண்ணும்? அவளுக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்தது. பால் அவள் சட்டையில் தெறித்திருந்தது.

ஐயோ, அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "அறிவிருக்கா உனக்கு? மரத்தடில என்னா வேலை?" என்று கத்தி, முதுகில் ஒன்று வைத்தேன்.

மச்சான் மரத்திலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கினான். "என்னா மாமா ஆச்சு?"

"நழுவிடுச்சு மச்சான். கயிறு கையையே அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

கையைப் பொத்தி மறைத்துக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டினான்.

கடலூரில் பஸ் மாறி வீடு வரும்வரை நான் நான்கு தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். எங்கே உட்கார்ந்தாலும் காய் பிளந்த அந்தச் சத்தம்தான்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் மகள் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்து நின்றாள்.

"என்னாலதானப்பா கைல அடி?"

பொத்தியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் கைப்பா?"

"ரெண்டுலயும் இல்லம்மா. சுடும்னு பயந்து நானேதான் வுட்டுட்டேன்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஏம்ப்பா என்ன அடிச்ச?"