கொல்லை ஜன்னலில் ஒரு கண்ணாடி டம்ளர்

எங்கள் ஆபீசின் செக் நாட்டுக் கிளையிலிருந்து வேலையாக வந்திருந்தவளை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தேன். கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீடு என்றால் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பார்க்கப் பிடிக்கும். எனக்குக் காட்டப் பிடிக்கும். பெருமை கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

ஆறு கண்ணாடி டம்ளர்களைத் துணிமணிக்குள் பொதிந்து பரிசாகக் கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பாவும் தாத்தாவும் கண்ணாடி செதுக்குகிறவர்கள். இது அப்பாவின் கைவேலை. ஒன்றைக் கூடத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுழலும் கல்லில் வெட்டிய கோடுகள் அடியில் நட்சத்திரமாகக் கூடின. அவர்கள் ஊரைச் சுற்றி மலைக்காடாம். அந்த மரத்தை எரித்து உலை மூட்டி, அதன் சாம்பலில் எடுத்த காரத்தையும் சுண்ணாம்பையும் மணலோடு உருக்கி, வெட்டினால் தாங்குகிற கெட்டிக் கண்ணாடியைச் செய்யப் பழகினார்களாம். நம் நாட்டுப் பெண்களுக்கென்றே அங்கே வளையல் செய்து கப்பலேற்றிய காலமும் உண்டாம். பழவங்காடிக் கடைத்தெருவில் நான் வாங்கிக் குவித்த வளையல்களை நினைத்து அசடு வழியச் சிரித்தேன்.

காப்பியை ஸ்டீல் டவரா டம்ளரில் கொடுத்து, ஆற்றிக் காட்டினேன். அவளும் ஆற்றப்போய்க் கையில் கொட்டிக்கொண்டாள். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கொல்லைப்படியில் எங்கள் வேலைக்காரி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, என்னைவிட மூத்தவள், ஆனாலும் நான் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அவள் கையில் டீக்கடையில் தருவது போன்ற கண்ணாடி டம்ளர். எங்கள் டம்ளர்களோடு சேராமல் அவளே கழுவி, அவளே கொல்லை ஜன்னலில் கவிழ்த்து வைக்க வேண்டும். மாமியார் போட்ட சட்டம். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், டம்ளர் போகவில்லை. இன்னமும் அவர் தலையில் பழியைப் போட முடியாது.

விருந்தாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் அப்பா வாழ்நாள் முழுக்கத் தகரக் குவளையில்தான் குடித்தாராம். கண்ணாடி, வீட்டில் மதிப்பு மிகுந்தவர்களுக்கு மட்டுமாம். நீங்களெல்லாம் ஸ்டீலில் குடித்துக்கொண்டு இந்த அம்மாவுக்குக் கண்ணாடியில் கொடுக்கிறீர்களே, எங்கள் வீட்டு வழக்கமேதான் என்றாள்.

நான் ஆமாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. காது மடல் மட்டும் எரிந்தது.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வேலைக்காரி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மதாம்ம என்னையப் பாத்து என்னமோ சொன்னாவளே, என்ன மாமி?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. உள்ளதைச் சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

"ஆமான்னேன்."

துடைப்பத்தின் அடியை உள்ளங்கையில் இரண்டு முறை தட்டிச் சரிசெய்தாள். "போட்டும் மாமி. வந்த ஆளுகிட்ட வேற என்னத்தச் சொல்ல முடியும்?"

என் மானத்தை அவள் எடுத்து என் கையிலேயே கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

திங்கட்கிழமை காலை எங்கள் ஸ்டீல் டம்ளர் ஒன்றில் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு வேறு. அவள் குடித்தாள். கழுவினாள். பிறகு டம்ளரும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இனி இதுவா மாமி எனக்கு? அப்பம் பழசத் தூரப் போட்டுரட்டா?"

கேட்ட கையோடு அவளே போய், கண்ணாடி டம்ளரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல் டம்ளரைக் கவிழ்த்தாள். அதை எடுத்து உள்ளே மற்றவற்றோடு வைக்க எனக்கு ஒரு கை நீட்டல்தான் வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்று காலையும் அது ஜன்னலில்தான் இருந்தது.