ஆறு பேர் குக்கர்

காலையில் மூடியைத் திறந்ததும் அவரைக்கொட்டை வாசம் கூடம் வரை வந்துவிட்டது. பனி மாதங்களில் எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் இந்த வாசம் வராவிட்டால்தான் அதிசயம். எட்டிப் பார்த்தால் குழம்பு ஒரு தெருவுக்கே ஆகும்போல் கிடக்கிறது. வீட்டில் இருப்பதோ நான் ஒருவன்.

தப்பு முழுக்க என்னுடையது இல்லை. இது ஸ்லோ குக்கர். உள்ளே கனமான பீங்கான் சட்டி, கரண்ட்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகும். பாதிக்காவது நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை எனக்கு மட்டும் என்று ஒரு கைப்பிடி கொட்டை போட்டுவிட்டு, சட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். அதனால் நிறையச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, நாள்கணக்கில் அதையே தின்கிறேன். இரண்டாம் நாளே தட்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஒரு ஆளுக்குச் சமைக்க நான் கற்றுக்கொண்டதே இல்லை. வேலை கிடைத்து அரூரில் ரூம் எடுத்தபோது நாங்கள் நான்கு பேர். முதல் நாள் நான் வடித்த சோற்றைப் பார்த்து ரூமில் மூத்தவர், “என்னய்யா இது, கல்யாண வூட்டுக்கா வடிச்ச?” என்றார். பேசிக்கொண்டே அத்தனையும் தின்று தீர்த்தோம் என்பது வேறு விஷயம். பிறகு கல்யாணம். மேரி என்னைச் சமையலறைக்குள் விட்டதே அவரைக்கொட்டைக் காலத்தில்தான். ஊறவைத்த கொட்டையைத் தோல் பிதுக்க ஆள் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவள், நான், மகள் ஸ்டெல்லா மூவரும் குண்டானைச் சுற்றி உட்காருவோம். ஸ்டெல்லா குறிபார்த்துப் பிதுக்கினால் பருப்பு நேராக என் மூக்குக்கண்ணாடியில் வந்து அடிக்கும். “ஏங்க, கொழந்தையோட சேந்துக்கிட்டு நீங்களும் வெளையாடறீங்களா? களிக்குத் தண்ணி கொதிக்குது” என்று மேரி கத்துவாள். இப்போது தோலோடுதான் போடுகிறேன். தனியாக உட்கார்ந்து பிதுக்க மனசு வரவில்லை.

மேரியை அடக்கம் செய்த வாரத்தில்தான் ஸ்டெல்லா இந்தக் குக்கரை வாங்கினாள். கேஸை அணைக்காமல் நான் எங்காவது போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம். பெட்டியைப் பிரித்தபோது, “ஆறு பேருக்கு ஆகும்போல இருக்குதே, எனக்கெதுக்கு கண்ணு?” என்றேன்.

“கிறிஸ்மஸுக்கு நாங்கல்லாம் வருவோமில்லப்பா? அப்ப சின்னது பத்தாது.”

அவள் கனடாவுக்குத் திரும்பிய பிறகு கிறிஸ்துமஸ் பலமுறை வந்து போனது. அவர்கள் வரவில்லை. ஒரு வருடம் லீவு இல்லை, ஒரு வருடம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. குறை சொல்லவில்லை, அவளுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனாலும் இந்தக் கனமான சட்டியைக் கழுவித் துடைக்கும்போதெல்லாம், அவர்கள் வரப்போகிறார்கள் என்பதற்கு வீட்டில் இருக்கும் ஒரே அத்தாட்சி இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். சட்டியைப் பெருமையாகக் காட்டினேன்.

“இன்னும் அந்தப் பெருசுலயாப்பா செய்யறீங்க? தனியாளுக்கு எதுக்கு அது? சின்னதா ஒன்னு ஆர்டர் போடறேன். அத யாருக்காச்சும் குடுத்துருங்க.”

அக்கறையாகத்தான் சொன்னாள். “சரி கண்ணு” என்றேன்.

எப்போது பேசினாலும் போனை வைப்பதற்கு முன், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று கேட்டுவிடுவேன். இன்று கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் மாட்டேன்.